ஒரே ஆலை, இரண்டு ஆட்சி

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடியது. 1984-இல் டொயோட்டாவுடன் கூட்டாக ‘நம்மி’ என்ற பெயரில் திறந்தபோது, வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் அதேதான்.

முன்பு ஒரே விதி: லைன், அதாவது வண்டிகள் நகர நகரப் பாகங்களைப் பொருத்தும் வரிசை, நிற்கக் கூடாது. போல்ட் கோணலாக ஏறினாலும் வண்டி நகரும். பழுதைக் கடைசியில் பார்ப்பார்கள். அதற்குள் மேலே நாலு பாகம் ஏறியிருக்கும், கழற்றவே நேரம் போய்விடும். வேலைக்கு வராதவர்கள் சுமார் 20 சதவீதம்.

நம்மியில் ‘ஆண்டான்’ கயிறு, பழுதைக் கண்ட தொழிலாளி இழுக்கும் எச்சரிக்கைக் கயிறு. இழுத்தால் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி அந்தத் தொழிலாளியின் வேலை நிலையத்தின் எல்லையைத் தாண்டுமுன் சரியானால் லைன் ஓடும், இல்லையென்றால் நிற்கும். இழுத்தவரைக் கடிந்துகொண்டால் மறுநாள் ஒரு கையும் கயிற்றுக்குப் போகாது. (கயிற்றை மட்டும் நகலெடுத்த ஆலைகள் கோட்டைவிட்டது இங்கேதான்.) 1980-களின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோதும் ஆட்குறைப்பு இல்லை, உபரி ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

அதற்காக நம்மி தளர்வான இடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு அசைவுக்கும் வினாடிக் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கைத் திருத்தும் உரிமை லைனில் நிற்பவருக்கும் இருந்தது.