மாமியாரின் ஈறில் ரத்தம் நின்ற இடம்: கடலூர்ப் பல் மருத்துவமனை

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் கசிந்ததால் மாமியாரை அழைத்துப் போனேன். சுத்தம் செய்தால் பல் ஆடிப்போகும் என்று சொல்லி வெகுநாட்களாகத் தட்டிக்கழித்து வந்தவர் அவர்.

மருத்துவர் அதட்டவில்லை. கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தைக் காட்டினார். மஞ்சளும் பழுப்புமாகக் காரை திட்டுத்திட்டாக இறுகியிருந்தது. அந்த இடத்தில்தான் உமிழ்நீர் அதிகம் சுரக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து அழுக்குப் படலத்தைக் கெட்டியாக்கிவிட்டால், பிறகு பிரஷ்ஷால் அசைக்க முடியாது என்று விளக்கினார். "காரை போனதும் பல்லிடுக்கு தெரியும், சில நாள் கூச்சம் இருக்கும். பல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள் அம்மா" என்று முன்கூட்டியே சொன்னாரே, அதற்காகவே அவரைப் பாராட்டுவேன். சர்க்கரை நோய் உண்டா என்றும் கேட்டார். ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று மோசமாக்கும். எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

விலை உயர்ந்த பற்பசை எதையும் தலையில் கட்டவில்லை. 1000 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) குறையாத ஃபுளோரைடு உள்ள பற்பசை, மென்மையான பிரஷ், காலையும் இரவும் 2 நிமிடம், அவ்வளவுதான். கரித்தூளை மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார். இப்போது ரத்தக் கசிவு நின்றுவிட்டது.

மருத்துவமனை மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. மூட்டுவலிக்காரர்களுக்கு இது பெரிய சிரமம். உடனே சரிசெய்ய வேண்டும். மாலையில் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.