தேக்காவில் போன் மாற்றித் தரும் கடை: நம்பிப் போகலாம்

சிங்கப்பூர் தேக்கா பக்கம் ஒரு சின்னக் கடையில் மகளின் ஆண்ட்ராய்டு போனில் இருந்ததையெல்லாம் ஐபோனுக்கு மாற்றிக் கொடுத்தார்கள், வேலை சுத்தம். வாட்ஸ்அப் உரையாடல்களை இப்படி மாற்ற 2022-லிருந்துதான் அதிகாரப்பூர்வ வழி இருக்கிறது, அதுவும் ஐபோன் புத்தம் புதிதாகவோ முழுவதும் அழிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பி தொடங்குமுன்பே விளக்கிவிட்டார். "எது போனா தாங்க மாட்டீங்க?" என்று மகளிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை, "பாட்டியோட வாய்ஸ் மெசேஜ்" என்றாள். அதை முதலில் தனியாக நகல் எடுத்து, ஒருமுறை போட்டுக் கேட்கச் சொன்ன பிறகுதான் மற்ற வேலை.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனே கதி என்று கிடக்கிறார்கள் எனப் புலம்புவது சுலபம். ஆனால் நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவரே என்று ஆக்குவது நினைவோடு தொடரும் தன்னுணர்வுதான் என்று ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் 1694-லேயே எழுதிவிட்டார். மறதி நோயாளியின் குறிப்பேடு அவர் மனத்தின் ஒரு பகுதியே என்று ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரு தத்துவவாதிகள் 1998-இல் வாதிட்டார்கள். அப்படியானால் பதினேழு வயதுப் பிள்ளையின் போன்? நான் லாக்கை மறுத்த தத்துவவாதி தாமஸ் ரீட் கட்சி, நினைவு வெறும் சாட்சிதான், ஆளே அல்ல. என்றாலும் அந்தச் சாட்சி தொலைந்தால் வலிக்கத்தான் செய்யும், அது தெரிந்து வேலை செய்கிறவர்கள் அபூர்வம்.

குறை என்றால், விலைப் பட்டியல் ஒட்டவில்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசுச் சேவைகளுக்கான மின் அடையாளச் செயலி சிங்பாஸை நீங்களேதான் புதிய போனில் மறுபடி அமைக்க வேண்டும். அப்புறம், ஞாயிறு மாலை மட்டும் போகாதீர்கள், நிற்கவே இடமிருக்காது.