டேட்டாபேஸ் அச்சிடும் படிவங்கள்: ரிவிஷன் எண்ணை எங்கே வைப்பது?

நாங்கள் வாகன உதிரிபாகங்களைக் கடைந்து தரும் தொழிற்சாலை. தரப் பிரிவின் படிவங்கள் எல்லாம் முன்பு எக்செல் கோப்புகளாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு ரிவிஷன் (எத்தனையாவது திருத்தப் பதிப்பு என்ற அடையாளம்), எல்லாப் படிவங்களையும் பட்டியலிடும் மாஸ்டர் லிஸ்ட்டில் ஒரு வரி. பிறகு மைக்ரோசாஃப்ட் ஆக்செஸில் ஒரு டேட்டாபேஸ் அமைத்து, நிராகரிப்பு அறிக்கை, திருத்த நடவடிக்கை அறிக்கை, அளவுக் கருவிகளின் காலிபரேஷன் (துல்லியச் சோதனை) அட்டை ஆகியவற்றை அதிலிருந்தே அச்சிடத் தொடங்கினோம். பல ஆண்டுகளாக என் அன்றாட வேலை அதில்தான். எக்செலுக்குத் திரும்பச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனாலும், டேட்டாபேஸ் வந்துவிட்டால் ஆவணக் கட்டுப்பாடும், அதாவது சரியான பதிப்பு மட்டுமே புழங்கும்படி பார்த்துக்கொள்வதும், கூடவே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காகிதத்தில் யாரும் மெனக்கெடாமலே நடந்துகொண்டிருந்த ஒரு காரியம் டேட்டாபேஸில் நின்றுபோகிறது.

காகிதத்தில் படிவமும் அதில் எழுதியதும் ஒரே தாள். ரிவிஷன் 2 தாளில் எழுதியது எத்தனை ஆண்டு கழித்து எடுத்தாலும் ரிவிஷன் 2தான். டேட்டாபேஸிலோ தகவல் ஓரிடத்திலும் அச்சு வடிவம் வேறோரிடத்திலும் இருக்கின்றன. அச்சிடும்போதுதான் இரண்டும் சேர்கின்றன. இன்று எந்த வடிவம் நடைமுறையில் இருக்கிறதோ, அதில்தான் பழைய தகவலும் வந்து விழும். எங்கள் நிராகரிப்பு அறிக்கையில், இதே குறை பிற பாகங்களிலும் இருக்கிறதா என்று பார்த்ததைப் பதியும் கட்டம் பின்னாளில் சேர்ந்தது. அதற்கு முந்தைய அறிக்கை ஒன்றை ஆடிட்டர் கேட்டார். அது புதிய ரிவிஷன் எண்ணோடும், அந்தக் கட்டம் காலியாகவும் அச்சாகி வந்தது. "இதை ஏன் சார் நிரப்பவில்லை?" என்றார். அறிக்கை எழுதிய நாளில் அப்படியொரு கட்டமே கிடையாது என்பதற்கு அந்தத் தாளில் எந்த அடையாளமும் இல்லை.

இதைவிட ஆபத்தானது, வேறு அட்டவணையிலிருந்து தகவலை இழுத்து அச்சிடுவது. பாக எண்ணைக் கொடுத்தால் பெயர், வரைபட ரிவிஷன் எல்லாம் பாகப் பட்டியலிலிருந்து தாமாகவே வந்துவிடும். தட்டச்சு மிச்சம்தான். ஒரு துளையின் அளவு 12 மி.மீ. எச்7 (அளவு எவ்வளவு கூடலாம் என்பதற்கான குறியீடு) என்று வரைபடத்தின் ரிவிஷன் பி சொல்கிறது, அதாவது 12.018 வரை போகலாம். துளை 12.022 வந்தது, நிராகரித்தோம், அறிக்கை எழுதினோம். பின்னர் வாடிக்கையாளர் அந்த அளவை எச்8 என்று தளர்த்தி ரிவிஷன் டி அனுப்புகிறார்; இப்போது 12.027 வரை சரி. பாகப் பட்டியலில் பி போய் டி வந்துவிடும். பழைய அறிக்கையை இன்று அச்சிட்டால் தலைப்பில் ரிவிஷன் டி, கீழே 12.022, முடிவு "நிராகரிப்பு". நல்ல பாகத்தை ஏன் தள்ளினீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நடந்ததற்கு மாறான ஒன்றைப் பதிவு சொல்கிறது.

எனவே வரைபட ரிவிஷன், ஒப்புதல் கொடுத்தவரின் பதவி, படிவத்தின் ரிவிஷன் ஆகியவற்றை அறிக்கை தொடங்கும்போதே அந்தப் பதிவுக்குள் நகலெடுத்து வைக்கச் செய்தோம். ஒரே தகவலை இரண்டு இடங்களில் வைக்கக் கூடாது என்று புரோகிராமர்கள் ஆட்சேபிப்பார்கள். இது ஒரே தகவல் அல்ல. ஒன்று இன்றைய வரைபடம். மற்றது அன்று எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னோமோ அந்த வரைபடம். இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 9001இன் 2008 பதிப்பில் ஆவணங்களுக்கு (எப்படிச் செய்வது என்று சொல்பவை) 4.2.3, பதிவேடுகளுக்கு (செய்ததற்குச் சான்றாக இருப்பவை) 4.2.4 என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. 2015 பதிப்பு இரண்டையும் 7.5இல் ஒன்றாக்கிவிட்டது. அதனால் வேறுபாடு ஒழிந்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒழியவில்லை. இணக்கத்துக்குச் சான்றாகப் பாதுகாத்து வைப்பவை தற்செயலாகக்கூட மாறிவிடக் கூடாது என்று 7.5.3.2 கேட்கிறது. மேலே சொன்ன ரிவிஷன் டி அத்தகைய மாற்றம்தான். வாகனத் தொழிலுக்கான தரநிலையான ஐ.ஏ.டி.எஃப். 16949ஐப் பின்பற்றும் எங்களைப் போன்றவர்களுக்குச் சுமை இன்னும் அதிகம். பாக ஒப்புதல் ஆவணங்களை அந்தப் பாகம் உற்பத்தியிலும் சர்வீசிலும் இருக்கும் காலம் முழுவதும், அதன்மேல் ஒரு காலண்டர் ஆண்டும் வைத்திருக்க வேண்டும். அத்தனை காலத்துக்குள் படிவம் எத்தனை முறை மாறும்!

ஆக்செஸில் இன்னொரு தொல்லை உண்டு. பலர் பயன்படுத்தும்போது கோப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். அட்டவணைகள் சர்வரில் இருக்கும். திரைகளும் அச்சு வடிவங்களும் உள்ள கோப்பு ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு நகலாக இருக்கும். அலுவலகத்தில் ரிவிஷன் 4 அச்சாகும் அதே வேளையில் உற்பத்திக் கூடத்தில் ரிவிஷன் 3 வந்துகொண்டிருந்தது. "என் கணினியில் எப்போதும் இப்படித்தான் வருகிறது, தம்பி" என்றார் மூத்த இன்ஸ்பெக்டர். அவர் மேல் குற்றமில்லை, அவர் கணினியில் இருந்தது பழைய நகல்.

ரிவிஷன் எண்ணை மாஸ்டர் லிஸ்ட் அட்டவணையிலிருந்து எடுத்து அடியில் அச்சிடலாம் என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் அந்தக் கணினியில் பழைய வடிவமே ரிவிஷன் 4 என்ற பெயரில் வந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. எண் அச்சு வடிவத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மாஸ்டர் லிஸ்ட் ஒப்பிடுவதற்கு மட்டும். புது அறிக்கை தொடங்கும்போது இரண்டும் பொருந்தாவிட்டால் டேட்டாபேஸ் அச்சிட மறுக்கும். திறக்கும்போதே நகலின் பதிப்பையும் சரிபார்த்துப் புதியதை இறக்கிக்கொள்ளும். இதற்கு எழுதிய நிரல் மிகச் சிறியது, பலனோ பெரிது.

அறிக்கையை மூடும்போது அதை பி.டி.எஃப். ஆக்கி, யாரும் திருத்த முடியாத கோப்புறையில் போட்டுவிடுகிறோம். ஆடிட்டருக்குக் காட்டுவது அதைத்தான். பழைய அச்சு வடிவங்களை, அந்த ரிவிஷனில் தொடங்கி இன்னும் மூடாத அறிக்கைகள் இருக்கும்வரை மட்டும் வைத்திருக்கிறோம். திரைகளுக்கும் படிவ எண் வேண்டுமா என்ற விவாதத்தில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை. மென்பொருள் மாற்றப் பதிவேடு போதும்.

"அச்சிட்டால் கட்டுப்பாடற்றது" (அச்சுப் பிரதி இப்போதைய பதிப்புதானா என்பதற்குப் பொறுப்பில்லை) என்ற வரியை எல்லாத் தாளிலும் போடும் பழக்கத்தையும் விட்டுவிட்டோம். செய்முறை ஆவணத்தில் அது சரி. நிரப்பிக் கையெழுத்திட்ட அறிக்கையில் அதைப் போட்டால், கையெழுத்துக்கே மதிப்பில்லை என்று நாமே எழுதிக் கொடுத்ததாகும்.

இன்னும் முழுதாகத் தீராதது ஒன்று. ஆஃபீஸ் பதிப்போ பிரின்டரோ மாறும்போது பக்கம் உடையும் இடம் நகர்ந்து, கையெழுத்துக் கட்டம் மட்டும் தனியே இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடுகிறது. ரிவிஷன் எண் மாறவில்லை, படிவம் மாறிவிட்டது. ஆகவே ஒப்புதல் பெற்ற மாதிரித் தாள்களை ஒரு ஃபைலில் வைத்திருக்கிறோம். கணினிப் பிரிவு எதை மாற்றினாலும் ஒவ்வொரு படிவத்திலும் ஒன்று அச்சிட்டு, மாதிரியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு விடுகிறோம்.