தொலைக்காட்சியைக் கணினித் திரையாக்கிய நான்கு ஆண்டுகள்

மெய்ப்புத் திருத்துவதே என் தொழில். கண் வலி கூடிக்கொண்டே போனதால், நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பெரிய கணினித் திரை வாங்கும் விலையைவிடக் குறைவாகக் கிடைத்த 43 அங்குல 4கே தொலைக்காட்சியை வாங்கி, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மடிக்கணினியுடன் இணைத்தேன். படம் உடனே வந்துவிட்டது. ஆனால் அது தெளிவான படமாக மாறுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதமும் தொலைக்காட்சியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலில் கண்ணில் பட்டது, திரையின் அடியில் இருக்க வேண்டிய டாஸ்க்பார் பாதி மறைந்திருந்ததுதான். பழைய படக்குழாய்ப் பெட்டிகளின் காலத்தில் படத்தின் ஓரங்களைச் சற்றுப் பெரிதாக்கி வெட்டிக் காட்டும் வழக்கம் இருந்தது. ஓவர்ஸ்கேன் எனப்படும் அந்த வழக்கம் தட்டைத் திரைகளிலும் தொடர்ந்து வந்துவிட்டது. திரைப்படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. எழுத்தைப் பார்ப்பவருக்கோ, ஓரம் வெட்டுப்படுவதோடு, பெரிதாக்கும் வேலையில் எல்லா எழுத்துமே மசமசத்துப் போகும். எல்ஜி தொலைக்காட்சிகளில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ என்றும் சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்றும் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெயர் வைத்திருக்கும் அமைப்பை இயக்கியதும் பாதிக் குறை தீர்ந்தது.

அடுத்தது சுட்டியின் அசைவு. என் அப்போதைய மடிக்கணினியில் இருந்தது எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4, அதில் 4கே படம் வினாடிக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்கப்படாது. பக்கத்தை நகர்த்தும்போதெல்லாம் எழுத்துகள் இழுபட்டன. எச்டிஎம்ஐ 2.0 உள்ள வேறு மடிக்கணினிக்கு மாறி 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 முறை, வைத்த பிறகு அந்த எரிச்சல் நீங்கியது.

நீங்கிய இடத்தில்தான் என் தொழிலையே தொடும் சிக்கல் தொடங்கியது. திருத்தங்களைச் சிவப்பு எழுத்தில் குறிப்பது என் வழக்கம். கறுப்பு எழுத்துகள் கூர்மையாக இருக்க, சிவப்பு எழுத்துகள் மட்டும் ஈரத்தாளில் மை ஊறியதுபோல் தெரிந்தன. ‘க்’ என்பதில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று நாற்காலியை முன்னே இழுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. காரணம் 4:2:0 என்னும் முறை. வெளிச்சத்தைப் பற்றிய தகவலை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனியாக அனுப்பிவிட்டு, நிறத்தைப் பற்றிய தகவலை நான்கு பிக்சல்களுக்கு ஒன்றாக அனுப்பி இடத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. திரைப்படத்துக்கு அது போதும். ஒரு பிக்சல் அகலக் கோடுகளால் ஆன வண்ண எழுத்துக்குப் போதாது.

இதற்கு இரண்டு இடங்களில் மருந்து இருந்தது. தொலைக்காட்சியின் எச்டிஎம்ஐ அமைப்பை மேம்பட்ட நிலைக்கு மாற்றியதால் நிறத் தகவல் முழுமையாக உள்ளே வர வழி கிடைத்தது. அந்த உள்ளீட்டுக்குப் ‘பிசி’ என்று பெயரிட்டபோதுதான் தொலைக்காட்சி அந்தத் தகவலைக் குறைக்காமல் திரைக்குக் கொடுத்தது. வெறும் பெயர் மாற்றம்போலத் தோன்றும் இதைப் பல மாதிரிகளில் செய்தால்தான் வண்ண எழுத்து தெளியும் என்பதை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை.

நிறத் தகவல் முழுமையாக வரத் தொடங்கியதும் என் 5 மீட்டர் கேபிள் தாக்குப்பிடிக்கவில்லை. திரை அவ்வப்போது ஓரிரு வினாடிகள் கறுத்து மீண்டது. வினாடிக்கு 18 கிகாபிட் வேகத்துக்குச் சான்று பெற்ற ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ கேபிள், 2 மீட்டர் நீளத்தில் வாங்கினேன். அதன் பிறகு ஒருமுறைகூட அப்படி நேரவில்லை. தங்கப்பூச்சுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. இலக்கமுறைக் குறிகை பிழையின்றி வந்து சேர்ந்துவிட்டால், விலை உயர்ந்த கேபிள் எழுத்தை மேலும் கூர்மையாக்கப் போவதில்லை.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கறுப்பு முதல் வெள்ளை வரையிலான வெளிச்சத்தைக் கணினி 16 முதல் 235 வரையிலான எண்களில் அனுப்புவதைத் தொலைக்காட்சி 0 முதல் 255 வரை என்று எடுத்துக்கொள்கிறது என்று பொருள். இரண்டையும் ஒன்றாக வைத்தால் சரியாகிவிடும். ‘ஷார்ப்னஸ்’ அளவைக் கூட்டுவது எழுத்தைக் கூர்மையாக்குவதில்லை, அதைச் சுற்றி வெள்ளைக் கரை கட்டுகிறது. விண்டோஸின் அளவுப் பெருக்கத்தை 150 விழுக்காட்டில் வைத்து, மூன்றரை அடி தொலைவில் அமர்ந்து பார்க்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. கணினி உறங்கினாலும் தொலைக்காட்சி உறங்குவதில்லை. காலையும் மாலையும் ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கிறது. இவ்வளவு அருகில் அமர்ந்தால் திரையின் ஓரங்கள் சற்று வெளிறித் தெரிகின்றன. அதனால் அட்டைப்படங்களின் நிறத்தை மட்டும் இன்னும் மடிக்கணினித் திரையில்தான் பார்க்கிறேன். சென்ற ஆண்டு தொலைக்காட்சியின் மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டபோது ‘பிசி’ என்ற பெயர் அழிந்து, சிவப்பு எழுத்து மறுபடியும் ஊறிப் போனது. அன்று முதல், நீலப் பின்னணியில் சிவப்பில் ‘க், ங், ச், ஞ்’ என்று எழுதிய ஒரு கோப்பை முகப்பிலேயே வைத்திருக்கிறேன். புள்ளிகள் நான்கும் தெரிந்த பிறகுதான் அன்றைய முதல் படிவத்தைத் திறக்கிறேன்.