கண்டி மகாலும் முத்து மண்டபமும்: ஒரே நாளில் பாருங்கள்

வேலூர்க் கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, அகழி ஓரம் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே கண்டி மகால் இருப்பதைச் சொல்ல ஆளில்லை. இலங்கையின் கண்டி அரசை ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815-இல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்து, அடுத்த ஆண்டு குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டுச் சிறையிருந்தது இந்தக் கோட்டையில்தான்.

போன மாதம் அப்பாவை அழைத்துப்போனேன். இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர். இந்த மாவட்டத்தில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் ராஜாவின் கல்லறையை அவர் பார்த்ததில்லை. அது என் தவறுதான்.

மகாலை நாங்கள் வெளியே நின்றுதான் பார்த்தோம். தூண், வளைவு, காரை உதிர்ந்த சுவர். அரண்மனை என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இங்கே பதினாறு ஆண்டுகள் ஒரு குடும்பம் அடைபட்டுக் கிடந்தது என்று நினைத்துக்கொண்டு நின்றால் கால் நகராது. கோட்டைக்குள் நடை அதிகம். வயதானவர்களோடு போகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும்.

அங்கிருந்து, ராஜாவின் கல்லறை இருக்கும் முத்து மண்டபத்துக்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் எங்களை ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டார். ‘பாலாற்றங்கரை, கண்டி ராஜா சமாதி’ என்று சொல்லி ஏறுங்கள்.

1832 ஜனவரி 30 அன்று இறந்த மன்னரின் கல்லறையைச் சுற்றித் தமிழக அரசு 1990-இல் எழுப்பிய மண்டபம் இது. பக்கத்திலேயே அவருடைய குடும்பத்தாரின் கல்லறைகள். நாங்கள் போனபோது வேறு யாரும் இல்லை. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. கோட்டையைப் பார்த்த கையோடு இங்கே வந்தால்தான், சிறையிலிருந்து அவர்கள் போன தூரம் எவ்வளவு சிறியது என்பது உறைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்கிறேன். லண்டனுக்கு எடுத்துச் செல்லப்பட்ட அவருடைய சிம்மாசனம் 1934-இல் இலங்கைக்குத் திரும்பிவிட்டது. அவர் இங்கேயே இருக்கிறார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். கண்டி ஏரியை வெட்டுவித்தவர் இந்த மன்னர்தான். அப்பாவின் சிறுவயதில் அந்த ஏரிக்கரையில் தாத்தா பொரி வாங்கிக் கொடுத்து மீனுக்குப் போடச் சொன்னாராம்.

“அடுத்த முறை வரும்போது பூ வாங்கி வரவேண்டும் அம்மா,” என்றார்.