ராயபுரத்தில் விலைக்கு நிற்கும் பழைய பாய்மரப் படகு
எண்டர்பிரைஸ் ரகம். ஜாக் ஹோல்ட் 1956-இல் வடிவமைத்தது, நீளம் 4.04 மீட்டர், இருவர் ஓட்டுவது. இப்போது மூன்றாவது கையில் இருக்கிறது. முதலாமவர் எழுதிய விற்பனைச் சீட்டு உண்டு, இரண்டாமவர் எழுதியதைக் காணோம். அது வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஃபைபர் அடிப்பாகத்தை நாணயத்தால் தட்டினால் எங்கும் 'டங்', சென்டர்போர்டு (படகு பக்கவாட்டில் நகராமலிருக்க நீருக்குள் இறக்கும் பலகை) பெட்டி ஓரத்தில் மட்டும் 'டொப்'. சேர்மானம் விட்டு நீர் இறங்கியிருக்கிறது. மேலே புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள், நிற்காது. அரைத்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, எபாக்ஸிப் பிசினில் இரண்டு அடுக்கு ஃபைபர் துணி ஒட்டவேண்டும். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று மேட் (நறுக்கிய ஃபைபர் இழைகளைப் பசையால் சேர்த்த விரிப்பு) போடாதீர்கள், அதிலுள்ள பசை எபாக்ஸியில் சரியாகக் கரையாது.

பாய்மரத்தைத் தாங்கும் ஸ்டீல் கம்பிகளின் கீழ்முனையில் துரு. உப்புநீர் தங்குமிடம் அதுதான், மாற்றியே ஆகவேண்டும். நீலப் பாயின் தையல் நகம் பட்டாலே பிரிகிறது, துணி பரவாயில்லை. சுக்கான் புதுசு.