கொமினிகேஷன் கடை பழைய கம்பியூட்டருக்கு ஃப்ரீ சொஃப்ட்வெயார்: எது தேறிச்சி, எது தேறல

மொதல்ல மெஷின் என்னானு சொல்லிர்றேன், அப்பதான் இது ஒங்களுக்கு பொருந்துமா இல்லையானு தெரியும். நாலாம் ஜெனரேஷன் கோர் ஐ3, 4 ஜிபி ரெம், சுத்துற பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. இருக்கிறது இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல எங்க மாமாவோட கொமினிகேஷன்ல. போட்டோ கொப்பி, ஸ்கேன், லெமினேட் போக மிச்ச நேரமெல்லாம் டைப்பிங்தான், ஈ.பி.எப். லெட்டர், பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பம், கொழும்புக்கு வேலைக்குப் போற பொடியன்களுக்கு பயோடேட்டா, கோயில் திருவிழா நோட்டீஸ்னு தமிழ் சிங்களம் இங்கிலீஷ் மூணும் கலந்து ஓடும்.

ரிப்பேருக்கு குடுத்த எடத்துல "இத விட்டுட்டு புதுசு எடுங்க"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. அவங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14 ஓட முடிஞ்சிருச்சி, விண்டோஸ் 11 கேக்கிறது இன்டெல்னா எட்டாம் ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப்பும், நம்மகிட்ட ரெண்டும் இல்ல. ஆனா கடையில நம்ம நேரம் எங்க போகுதுனு கவனிச்சி பாத்தா மெஷின் ஸ்லோவா இருக்கிறதால போறத விட பைல் தேடுறதுலயும் அதே அட்ரஸ திரும்பத் திரும்ப அடிக்கிறதுலயும் போறதுதான் கூட. அதுக்கு புது கம்பியூட்டர் தேவையில்ல.

இதுல முதல் மார்க் பைல் தேடித்தர்ற எவ்ரிதிங் சொஃப்ட்வெயாருக்கு. பேரே அதான், எவ்ரிதிங். வொய்ட்டூல்ஸ் சைட்ல இருந்து எறக்கணும், 2 எம்பி கூட வராது. "தம்பி, போன வருஷம் ஒரு லெட்டர் அடிச்சீங்களே, அதையே கொஞ்சம் மாத்தி குடுங்களேன்"னு ஒரு அக்கா வந்து நிப்பாங்க, விண்டோஸோட தேடல நம்பினா கொழுந்துக் கூடைக்குள்ள சாவி தேடுற கதைதான், பச்சைக் கோடு மெதுவா நகரும், பின்னால லைன் நீளும். எவ்ரிதிங்ல பேருல நாலு எழுத்து அடிக்க முன்னமே பைல் வந்து நிக்கிது. ஏன் இவ்வளவு வேகம்னா அது போல்டர் போல்டரா போய் பாக்கிறதில்ல, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்க்ல பைல் வைக்கிற வழக்கமான முறை) டிரைவ்ல எல்லா பைல் பேரையும் வச்சிருக்கிற மாஸ்டர் ஃபைல் டேபிள்னு ஒரு பட்டியல் ஏற்கனவே இருக்கு, அதையே நேரா வாசிச்சிருது. பத்து லட்சம் பைல் இருந்தாக்கூட ரெம்ல 75 எம்பி அளவுலதான் புடிக்கும், 4 ஜிபி மெஷினுக்கு இது பெரிய விசயம். தமிழ்ல பேர் வச்ச பைலும் தமிழ்ல அடிச்சாலே வருது.

குறை இல்லாம இல்ல. இது பேரத்தான் தேடும், லெட்டருக்குள்ள இருக்கிறத தேடச் சொல்லவும் வழி இருக்கு ஆனா அது ஆமை. அதனால பைல சேவ் பண்ணும்போதே ஆள் பேர், தோட்டம், வருஷம்னு வைக்கிற பழக்கம் வேணும், டொகியுமென்ட்1 டொகியுமென்ட்2னு வச்சா எந்த சொஃப்ட்வெயாராலயும் காப்பாத்த முடியாது. பழைய பென் டிரைவ்லாம் ஃபெட்32ங்கிற வேற முறையில இருக்கும், அதுல அந்த பட்டியல் இல்ல, அந்த டிரைவ செட்டிங்ஸ்ல தனியா சேத்துதான் தேட முடியும்.

அடுத்தது ஓட்டோஹொட்கீ, சுருக்கத்த அடிச்சா முழுசா விரிச்சி குடுக்கிற சொஃப்ட்வெயார். இத பத்தி கொஞ்சம் நீளமா சொல்றேன் ஏன்னா தேயிலைத் தோட்டப்பக்கம் டைப்பிங் கடை வச்சிருக்கிறவங்களுக்கு இத விட பிரயோசனமான ஒண்ண நான் பாக்கல. நம்ம ஆளுங்க அட்ரஸ் தெரியும்தானே, லயம், பிரிவு, தோட்டம், தபால் கந்தோர், அப்புறம் டவுன், அதையே மூணு பாஷையில. ஒரே தோட்டத்துல இருந்து ஒரே நாள்ல எத்தனையோ பேர் வருவாங்க, மேற்பிரிவு கீழ்ப்பிரிவு மட்டுந்தான் மாறும். ஓட்டோஹொட்கீல செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நோட்பேட்ல ரெண்டு கோலன், ஒரு சுருக்கம், திரும்ப ரெண்டு கோலன், அதுக்குப் பின்னால முழு அட்ரஸ். பேர் முடிவுல .ahk போட்டு சேவ் பண்ணி ஓட விட்டுட்டா பிறகு எங்க அந்த சுருக்கத்த அடிச்சி ஸ்பேஸ் தட்டினாலும் முழுசும் விழுந்திரும், வேர்ட்லயும் விழும், பிரவுசர்ல ஒன்லைன் ஃபோர்ம்லயும் விழும். சுருக்கத்த க்யூ எழுத்துல தொடங்கினா நல்லம், சாதாரண சொல்லு அடிக்கும்போது தவறி விரியாது. பல வரி வேணும்னா வரி முடியிற எடத்துல பேக்டிக் (`) போட்டு சின்ன n போடுங்க. "மேற்படி விடயம் தொடர்பாக"ல தொடங்கி "இவ்வண்ணம் தங்கள் உண்மையுள்ள" வரைக்கும் லெட்டரோட எலும்புக்கூடு மொத்தத்தையும் ஒரு சுருக்கத்துல வச்சிரலாம்.

போடும்போது வேர்ஷன் 2 வே போடுங்க. பழைய வேர்ஷன் 1ல பைல சேவ் பண்ற எடத்துல என்கோடிங்கை "யூடிஎஃப்-8 வித் பொம்"னு தெரிவு செய்யாட்டி தமிழும் சிங்களமும் கிறுக்கலா வரும், 2ல அந்த தொல்லை இல்ல. தமிழ் கீபோர்ட் ஒன்ல இருந்தா சுருக்கமே தமிழா மாறிரும், அதனால இங்கிலீஷுக்கு மாத்திட்டு அடிக்கணும். விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமத்தினா பாஷை மாறும். சில ஆன்டிவைரஸ் இத சந்தேகமா பாக்குது, நோட்பேட் பைலாவே வச்சி ஓட்டினா பிரச்சினை குறைவு, எக்ஸீயா மாத்தினாதான் கூட கத்துது.

கிளிப்போர்ட் விசயத்துல என் தீர்ப்பு எல்லாருக்கும் புடிக்காது. டிட்டோனு ஒரு ஃப்ரீ சொஃப்ட்வெயார் இருக்கு, கொப்பி பண்ணினதெல்லாம் சேத்து வைக்கும், மெஷின ஓஃப் பண்ணி போட்டாலும் அழியாது. வீட்டுக்கு அருமை. கடைக்கு வேணாம்னுதான் சொல்வேன், ஊராளுங்க ஐடி நம்பர், பேங்க் எக்கவுன்ட், ஈமெயில் பாஸ்வேர்ட் எல்லாம் நம்ம மெஷின்ல தங்கிக்கிட்டு இருக்கும், நாளைக்கு யாரு கேப்பா? விண்டோஸ் கீயும் வியும் அமத்தினா வர்றது போதும், 25 வரைக்கும் வச்சிருக்கும், ரீஸ்டார்ட் பண்ணினா பின் பண்ணினது தவிர போயிரும், நடுவுலயும் கிளியர் ஓல் இருக்கு.

ஷோர்ட்கட்ல எல்லாத்தையும் எழுதினா பட்டியலாயிரும். கடைக்கு ஒதவுறது ரெண்டு மூணுதான். வேர்ட்ல ஷிப்ட்டும் எஃப்3 உம் பேர சின்ன எழுத்துல இருந்து கெப்பிட்டலுக்கு மாத்தும், லிப்ரே ஒஃபீஸ்லயும் அதே கீதான். ஸ்கேன் பண்ணின பைலுக்கெல்லாம் பேர் மாத்த எஃப்2 அமத்தி பேர் அடிச்சி டெப் தட்டினா அடுத்த பைலுக்கு தானா போகும், மவுஸ தொடவே வேணாம். பிரவுசர்ல தவறி மூடின டெப்ப கன்ட்ரோல் ஷிப்ட் டி திரும்பத் தொறக்கும். இடி மின்னல் காலத்துல இங்க கரண்ட் சொல்லாமக் கொள்ளாம போகும், வேர்ட்ல தானா சேவ் பண்ணி வைக்கிற ஓட்டோரிகவர் 10 நிமிஷத்துல இருக்கிறத 1க்கு எறக்கி வச்சிருங்க, யூபிஎஸ் இல்லாத கடைக்கு இது ரொம்ப முக்கியம்.

பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிக்கிற ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. விரல் பாமினில பழகிருச்சினு இன்னும் பாமினி ஃபொன்ட்லயே அடிச்சி ஈமெயில் அனுப்பி, அங்கிட்டு ஃபொன்ட் இல்லாம இங்கிலீஷ் கிறுக்கலா போய்ச் சேருது. இ-கலப்பைனு தமிழ் டைப்பிங் சொஃப்ட்வெயார் ஃப்ரீதான், அதுல பாமினி கீபோர்டே இருக்கு, விரல் பழையபடி போகும், வர்றது யூனிகோட், அந்த ஃபொன்ட் இல்லாத மெஷின்லயும் தமிழாவே தெரியும்.

இவ்வளவும் போட்டு மெஷின் பூட் ஆகிற நேரம் குறையல, அத சொல்லித்தான் ஆகணும், அதுக்கு எஸ்எஸ்டி (சுத்தாத, வேகமான டிஸ்க்) வாங்கணும், அது காசு. சப்போர்ட் முடிஞ்ச விண்டோஸுக்கு மாத்தா லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ பென்ல போட்டு இன்ஸ்டோல் பண்ணாமலே ஓட்டி பாத்தேன், 2 ஜிபி ரெம்லயே ஓடும்னு மின்ட்காரங்க சொல்றது சரிதான், நம்ம மெஷின்ல இலகுவா ஓடுது. வீட்டு கம்பியூட்டருக்கு யோசிக்காம போடலாம். கடையில தடுக்கிறது பிரின்டர், நம்ம பழைய லேசருக்கு டிரைவர் புடிச்சி வேலை செய்ய வைக்க முடியல, பிரின்ட் வராத கொமினிகேஷன்ல லினக்ஸ வச்சி என்ன பண்றது. ஓட்டோஹொட்கீயும் எவ்ரிதிங்கும் விண்டோஸுக்கு மட்டுந்தான், அங்க போனா வேற தேடணும்.

எறக்கும்போது அந்தந்த சொஃப்ட்வெயாரோட சொந்த சைட்லயே எறக்குங்க, கூகுள்ல மேல வர்ற விளம்பர டவுன்லோட் பட்டன அமத்தினா வேண்டாததெல்லாம் கூட வரும். டேட்டா இல்லாதவங்க பென் டிரைவோட கடைக்கு வாங்க, எல்லாம் கொப்பி பண்ணி தாறேன், மாமா இருக்கிற நேரம் வந்தா டீயும் கிடைக்கும்.